பலநாள் படகுகளில் காஸ் அலாரம்: தலைக்கு மேலே அல்ல, காலடியில் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருக்கடலூரைச் சேர்ந்தவன். 32 வருடமாகக் கடல் தொழில் செய்கிறேன். முதலில் மற்றவர்களின் படகில் ஆளாகப் போனேன். பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருந்தேன். இப்போது பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் 42 அடிப் பலநாள் படகு ஒன்று இருக்கிறது, கொட்பே துறைமுகத்தில் கட்டுகிறோம். பத்திரிகைக்கு இதற்கு முன் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெட்டுவதாக இருந்தால் சென்சார் பூட்டும் இடத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

சென்ற வருடம் வைகாசி மாதம், கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நேரம். ஐஸ் ஏற்றி, டீசல் அடித்து, அரிசி, மா, பருப்பு, தண்ணீர் எல்லாம் படகில் வைத்து முடித்திருந்தோம். விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். பெடியன்கள் இரவு படகிலேயே, மேல்தட்டில் காற்றுப் படும் இடமாகப் பார்த்துப் படுத்தார்கள். சமைக்கிற தம்பி பத்து மணிபோல எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்பின் திருகை மூடினான். சிலிண்டரின் வாயை மூடவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. என் படகில் ஒருவரும் ஒருநாளும் அதை மூடியதில்லை, மூடச் சொல்லி நானும் சொன்னதில்லை.

சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாய், குசினிப் பலகையில் துளைத்த ஓர் ஓட்டை வழியாகப் போகிறது. எஞ்சின் ஓடினால் படகு முழுக்க அதிரும். வாரக்கணக்கில் அந்த அதிர்வு பட்டுப் பட்டு, ஓட்டையின் விளிம்பு குழாயைத் தின்றிருக்கிறது. வெளியில் பார்த்தால் தெரியாது, பலகைக்குள் இருக்கும் பகுதிதான் தேய்ந்திருந்தது. அன்றைக்கு இரவு முழுவதும் அந்த இடத்தால் காஸ் போயிருக்கிறது. குசினித் தரையில் ஒரு மூடி உண்டு, அதைத் திறந்துதான் எஞ்சின் அறைக்குள் இறங்குவோம். போன காஸ் எல்லாம் அந்த மூடியின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிட்டது.

நாலு மணிக்கு எஞ்சின்காரத் தம்பி எழும்பி, மூடியைத் தூக்கிவிட்டு இறங்கிப் பற்றறி சுவிச்சைப் போட்டான். நான் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய வெடிச் சத்தம் என்று சொல்ல மாட்டேன். கனமான சாக்கு ஒன்றைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம், கூடவே குசினிக் கதவுக்குள்ளே நீல வெளிச்சம். மூடி கழன்று சுக்கான் அறைச் சுவரில் அடித்தது. தம்பி தானே ஏறி வந்தான். புருவமும் முன்தலை மயிரும் இல்லை. இரண்டு கையிலும் தோல் உரிந்து தொங்கியது. கடல் தண்ணீரை ஊற்றப் போனவர்களைத் தள்ளிவிட்டு, குடிக்க ஏற்றி வைத்திருந்த தண்ணீரை ஊற்றினோம். 23 நாள் வைத்தியசாலையில் இருந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. தூண்டில் கயிறு இழுக்கிற கை அது.

அவனுடைய அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆறு பேர் படுத்திருந்தீங்களே அண்ணா, ஒருத்தருக்கும் மணம் வரேல்லையா?"

மணம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

என் அக்காவின் மகன் கட்டாரில் காஸ் ஆலை ஒன்றில் கருவிகள் திருத்தும் பகுதியில் வேலை செய்கிறார். லீவில் வந்திருந்தவர் படகைப் பார்க்க வந்தார். குசினிக்குள் நின்று அவர் முதலில் கேட்டது, "மாமா, தண்ணி கொட்டினா எங்க போகும்?" என்பதுதான். தரை மூடி வழியாக எஞ்சின் அறைக்கு, அங்கேயிருந்து படகின் அடிப்பள்ளத்துக்கு, என்றேன். "காஸும் அப்படித்தான் போகும்" என்றார்.

சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். வெளியே வந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். வீட்டில் என்றால் கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது முற்றத்துக்குப் போகும். படகின் அடிப்பாகம் தண்ணீர் உள்ளே வராதபடி செய்யப்பட்டது. தண்ணீர் வரமுடியாத ஓட்டில் காஸ் வெளியே போகவும் முடியாது, கிண்ணத்தில் பாயசம் போல அங்கேயே இருக்கும். மணம் தெரிவதற்காகக் காஸில் மெர்கப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த மணமும் காஸோடு சேர்ந்து கீழேதான் கிடக்கும். மேல்தட்டில் கச்சான் காற்றில் படுத்திருந்த ஆறு பேரின் மூக்குக்கு அது எப்படி எட்டும்? கீழே இறங்கிய தம்பிக்குக் கூட டீசல், மீன், பழைய எண்ணெய் எல்லாம் கலந்த அந்த அறையின் வழக்கமான மணத்தில் வித்தியாசம் பிடிபடவில்லை. போதாததற்கு, ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதை மறந்துவிடும்.

மருமகன் ஒரு மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த மட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். எங்கள் எஞ்சின் அறை 10 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி உயரம். 400 கன அடி, அதாவது ஏறக்குறைய 11,300 லீட்டர் காற்று. அந்தக் காற்றில் நூற்றுக்கு 2 பங்கு காஸ் கலந்தால் ஒரு பொறி போதும், பற்றிவிடும். 2 பங்கு என்றால் 226 லீட்டர் காஸ். நிறையில் அரைக் கிலோ. நாங்கள் கொண்டு போகும் சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. அந்த ஒரு சிலிண்டர் 25 எஞ்சின் அறைக்குப் போதும். அதுவும் அறை முழுக்கச் சமமாகக் கலந்தால்தான் அரைக் கிலோ வேண்டும். அடியில் தேங்கி நிற்பதால் அதைவிடக் குறைவே போதும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தால் தம்பியின் அம்மாவிடம் போய் நிற்க எனக்குக் கால் வந்திருக்காது.

எங்கள் படகில் முன்பு மண்ணெண்ணெய் அடுப்புத்தான் இருந்தது. 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு காஸுக்கு மாறினேன். என்னைப் போலப் பலர் மாறினார்கள். வீட்டு அடுப்பை, வீட்டு ரப்பர் குழாயை, வீட்டு ரெகியுலேட்டரை அப்படியே தூக்கிப் படகில் வைத்தோம். அடுப்பு மாறியதே தவிர, அது வைக்கப்பட்ட இடம் வீடு அல்ல என்று யோசிக்கவில்லை.

2021 நவம்பர் மாதத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அதே நாட்களில்தான் நாடெங்கும் வீட்டுக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளும் வந்துகொண்டிருந்தன. ஜனாதிபதி குழு அமைத்தார், காஸ் கலவை மாறியதைப் பற்றி எல்லாரும் கதைத்தோம். வீட்டில் என் மனைவி இரவில் சிலிண்டரை மூடாமல் படுக்க விடமாட்டாள். படகுக்குப் போனால் அதே நான் அதை மறந்துவிடுவேன். தண்ணீருக்குப் பயந்தோம், வீட்டில் காஸுக்குப் பயந்தோம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிற படகைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சரி, அலாரத்துக்கு வருகிறேன். தம்பி வைத்தியசாலையில் இருந்தபோதே, மருமகன் வருவதற்கு முன்பு, ஆத்திரத்தில் நான் ஒரு காஸ் அலாரம் வாங்கிவிட்டேன். நகரில் ஒரு கடையில் வீட்டுக்கு விற்கிற வெள்ளைப் பெட்டி. கடைக்காரர் "உயரத்தில பூட்டுங்க ஐயா" என்றார். குசினிக் கூரைக்குக் கீழே, சட்டி படாத உயரத்தில் பூட்டி வைத்தேன். மருமகன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சிகரெட் லைற்றர் ஒன்றை எடுத்தார், பற்ற வைக்காமல் காஸை மட்டும் திறந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அரை நிமிடம் பிடித்தார். பெட்டி சும்மா இருந்தது. பிறகு அதைக் கழற்றித் தரையில் வைத்து மறுபடி செய்தார். இரண்டு விநாடியில் கத்தியது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. குழாய் வழியாக வீடுகளுக்கு மீத்தேன் காஸ் வருகிற நாடுகள் இருக்கின்றன. மீத்தேன் காற்றைவிட இலேசு, மேலே ஏறும், அங்கே அலாரத்தைக் கூரையோரம்தான் பூட்ட வேண்டும். ஒரே பெட்டியை இரண்டு வகைக் காஸுக்கும் விற்கிறார்கள், கூட வரும் தாளில் இரண்டு படமும் போட்டிருக்கும். நம் நாட்டில் சிலிண்டரில் வருவது கனமான காஸ். அதற்கு அலாரம் காலடியில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கடிதம் அச்சில் வந்தால் எனக்குப் போதும்.

வீட்டுப் பெட்டி படகுக்குச் சரிவராது என்பதும் பிறகுதான் விளங்கியது. அது 230 வோல்ட்டில் ஓடுவது, படகில் உப்புக்காற்றும் அதிர்வும் வேறு. படகுக்கென்றே செய்த கருவி இருக்கிறது. சுக்கான் அறையில் ஒரு சிறிய பெட்டி, அதில் விளக்குகளும் மணியும். அதிலிருந்து வயர் இழுத்துக் கீழே இரண்டு சென்சார். சிலிண்டருக்குப் பக்கத்தில் மின்சாரத்தால் வேலை செய்யும் ஒரு வால்வு. மணி அடித்தால் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். கொழும்பில் சொல்லி எடுப்பித்தோம். என்ன விலை என்று கேட்பவர்களுக்கு, ஒரு பயணத்துக்கு நான் ஐஸுக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு.

பூட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் இதில் இரண்டு தடவை பிழை விட்டோம்.

ஒரு சென்சார் குசினியில், அடுப்புக்கு நேர் கீழே, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில். மற்றது எஞ்சின் அறையில். அங்கே எவ்வளவு கீழே போகலாம் என்பதில்தான் பிரச்சினை. அடிப்பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், படகு உருளும்போது அது பக்கவாட்டில் ஏறும். சென்சார் நனைந்தால் செத்தது. முதலில் பள்ளத்துக்கு மிக அருகில் வைத்தோம், ஒரே பயணத்தில் உப்புத்தண்ணீர் அடித்துவிட்டது. இப்போது தண்ணீர் ஏறி வந்த கறை எதுவரை இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு சாண் மேலே, படகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். உருளும்போது நடுப்பகுதியில்தான் தண்ணீர் குறைவாக ஏறும். காற்று வரும் குழாய்க்கு நேரே வைக்கக் கூடாது, அந்தக் காற்றே காஸை விலக்கிவிடும். கையெட்டாத மூலையிலும் வைக்கக் கூடாது, ஏனென்றால் மாதம் ஒரு தடவை அதைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது பிழை, கேட்டால் நம்பமாட்டீர்கள். புது சென்சாரைப் பூட்டிய பெடியன், வயர் போகும் ஓட்டையால் தண்ணீர் வரக் கூடாது என்று சுற்றிவர சிலிக்கன் பசை பூசினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், நாங்கள் படகில் எல்லா ஓட்டையையும் அப்படித்தான் அடைப்போம். மூன்றாவது வாரம் சென்சார் லைற்றர் காஸுக்குப் பதில் சொல்லவில்லை. மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், உடனே "சிலிக்கன் பூசினீங்களா?" என்று கேட்டார். அந்தப் பசை காயும்போது வரும் ஆவி இந்த வகை சென்சாருக்கு நஞ்சு. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது, பச்சை விளக்குக்கூட எரியும், ஆனால் உள்ளே சென்சாருக்கு உணர்வு போய்விடும். துரு பிடிக்காமல் அடிக்கிற ஸ்பிரே, பெயின்ட், தின்னர் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். படகைப் பெயின்ட் அடிக்க ஏற்றினால் சென்சாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்.

வயரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் படகில் 24 வோல்ட். கருவி 12க்கு மட்டுமா, 24க்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பற்றறியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அப்படிச் செய்தால் ஒரு பற்றறி சீக்கிரம் கெட்டுவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உள்ள வயராகப் பாருங்கள், வெறும் செம்பு உப்பில் பச்சை பிடித்துப் பொடியாகும். வயரின் இணைப்பு எதுவும் எஞ்சின் அறையின் அடியில் வரக் கூடாது. ஃபியூஸ் கட்டாயம்.

வால்வு எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மின்சாரம் இருந்தால்தான் திறந்திருக்கும் வகைதான் வேண்டும். பற்றறி இறங்கினாலும் வயர் அறுந்தாலும் அது மூடியே கிடக்கும். மணிக்கணக்கில் திறந்து வைத்தால் பற்றறியைக் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. சமைத்து முடிந்ததும் சுக்கான் அறையில் உள்ள சுவிச்சை நிறுத்திவிட்டால், எழும்பிப் போய்ச் சிலிண்டரைத் திருகாமலே காஸ் நின்றுவிடும். காஸுக்கு மாறிய நாளிலிருந்து என்னால் பழக்கப்படுத்த முடியாததை அந்தச் சுவிச் செய்கிறது. படுக்கும்போது மட்டும் சிலிண்டரையும் கையால் மூடுகிறோம்.

சிலிண்டரின் இடத்தையும் மாற்றினோம். உப்பில் துரு பிடிக்கும் என்று குசினிக்குள் வைத்திருந்ததை, சுக்கான் அறைக்குப் பின்னால் வெளித்தட்டில் ஒரு ஃபைபர் பெட்டி செய்து அதற்குள் வைத்தோம். பெட்டியின் அடியில் ஒரு குழாய், அது நேரே படகின் வெளிப்பக்கமாகக் கடலுக்கு மேலே திறக்கும். பெட்டிக்குள் கசிந்தால் காஸ் அந்தக் குழாயால் கடலுக்கு வழிந்துவிடும். ரப்பர் குழாய் பலகைக்குள் போகிற இடத்தில் தடித்த ரப்பர் வளையம் போட்டிருக்கிறது. கம்பி சுற்றிக் கட்டியிருந்த முனைகளுக்கெல்லாம் கிளிப். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்க்கிறோம், குமிழி வந்தால் கசிவு. அலாரம் இருக்கிறதென்று இதை விட்டுவிடக் கூடாது.

அலாரம் பூட்டிய பிறகு நாலாவது பயணம். இரவு ஒன்பது மணி, நிலம் தெரியாத தூரம். அடுப்பில் கஞ்சி வைத்துவிட்டுச் சமைக்கிற தம்பி தூண்டில் இழுக்க ஓடியிருக்கிறான். கஞ்சி பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது, காஸ் திறந்தபடி. கொஞ்ச நேரத்தில் மணி. மணி அடித்தது, வால்வு மூடியது, அவ்வளவுதான். காஸ் பற்றும் அளவுக்கு வருவதற்கு வெகு முன்பே, அதில் பத்தில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ சேர்ந்ததும் கருவி கத்திவிடும். ஸ்கிப்பர் எல்லாரையும் மேல்தட்டுக்கு எடுத்தார், சிலிண்டரைக் கையால் மூடினார், எல்லாக் கதவுகளையும் தரை மூடியையும் திறந்தார்கள். ஒருவரும் ஒரு சுவிச்சையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தவும் இல்லை, கிட்டப் போகவும் இல்லை. காஸ் குசினித் தரையோடு நின்றுவிட்டது, கீழேயிருந்த சென்சார் அடிக்கவே இல்லை. கால் மணி நேரம் காற்றுப் பிடிக்கவிட்டு மறுபடி கஞ்சி வைத்தார்கள். றேடியோவில் இதைக் கேட்டபோது நான் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்தால் செய்யக் கூடாதது எது என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கருவியைப் பூட்டுவதைவிடக் கடினம். முதலில் கை போவது விளக்குச் சுவிச்சுக்கு, அல்லது காற்றை வெளியேற்றலாம் என்று ஃபேனுக்கு. இரண்டிலும் பொறி உண்டு. அடிப்பள்ளத்துத் தண்ணீரைத் தானாக இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிச்சும் அப்படித்தான், நாங்கள் தூங்கும்போது அது தானே வேலை செய்யும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. காஸ் அடியில் இறங்கிவிட்டால் கைப்பம்பால் தண்ணீர் இறைப்பது போலவே இறைக்க வேண்டும். காஸையும் அப்படி இறைக்கலாம் என்று மருமகன் சொன்னபோது பெடியன்கள் நம்பவில்லை. பள்ளத்தில் கிடப்பது எதுவானாலும் இறைத்தால் வரும்தானே.

இந்த அலாரம் எல்லாவற்றுக்கும் ஆகாது. எஞ்சின் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வேறு கருவி, அதை மூச்சு விடும் உயரத்தில் பூட்ட வேண்டும். மீன் அறையில் மீன் அழுகினால் வரும் நச்சுக் காஸுக்கும் இது கத்தாது. அது தனிக் கதை, அதில் அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டும்.

இனி நான் கேட்க வந்தது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குத் தடை போட்டது. அதை நீக்குவிக்க வேண்டும் என்று வந்தபோது, வெளிக்கடலுக்குப் போகும் படகுகளுக்கு வீஎம்எஸ் கருவி பூட்டும் வேலை வேகம் பிடித்தது. 2016 இல் தடை நீங்கியது. படகு எங்கே நிற்கிறது என்று கரையிலிருந்து பார்ப்பதற்கு ஒரு கருவியை இத்தனை படகில் பூட்ட முடிந்த நாட்டுக்கு, படகுக்குள் இருக்கிற ஆறு உயிருக்கு ஒரு கருவி பூட்ட முடியும். காஸ் சிலிண்டர் ஏற்றும் எந்தப் பலநாள் படகும், உல்லாசப் பயணிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் எந்தப் படகும், தானாக மூடும் வால்வுடன் கூடிய அலாரம் இல்லாமல் வெளிக்கிடக் கூடாது என்று பொறுப்பில் உள்ளவர்கள் விதி செய்ய வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைப் பார்க்கிற அதே நாளில் இதையும் பார்க்கலாம். பார்க்க வருபவர் கையில் ஒரு லைற்றர் இருந்தால் போதும், பற்ற வைக்காமல் சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு கணம் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். பச்சை விளக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

நம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தனித்தனியாக ஒவ்வொருவரும் கொழும்புக்கு அலைவதைவிட, சங்கம் சேர்த்து 50, 100 என்று எடுத்தால் விலையும் குறையும், உதிரி சென்சாரும் திருகோணமலையிலேயே கிடைக்கும். சென்சாருக்கு ஆயுள் ஐந்து வருடம் அளவுதான், அதற்குப் பிறகு மாற்ற வேண்டும். ஸ்கிப்பர் அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்க வருபவர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கருவியோடு வரும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. கொட்பேயில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் ஒரே படகில் போகிறார்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் அடித்துச் சுக்கான் அறையில் ஒட்டினால் போதும். எழுத்து வேண்டாம் என்றால் படம் போடுங்கள்: அடுப்பு, காலடி, மணி, தொடக் கூடாத சுவிச்.

எங்கள் தாத்தா 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்தபோது சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததைச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார். அந்தக் குடாவுக்குப் பக்கத்தில்தான் இன்றைக்கு எங்கள் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் டீசலும் காஸும். அன்றைக்கு என் படகு முழுதாகப் பற்றியிருந்தால் பக்கத்தில் நின்ற படகுகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று அந்தப் படகுக்காரர்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எஞ்சின்காரத் தம்பி இப்போது மறுபடி என் படகில்தான் போகிறான். எஞ்சின் அறைக்கு இன்னும் இறங்க மாட்டான், அதை நான் வற்புறுத்தவில்லை, சுக்கான் பிடிக்கிறான். மாதம் ஒரு தடவை லைற்றரால் சென்சாரைச் சோதிப்பது அவன் வேலை. திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறான்.

எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பார்க்க விரும்பும் படகுக்காரர்கள் கொட்பேக்கு வரலாம். படகு கரையில் நிற்கும் நாட்களில் காலை ஏழு மணியிலிருந்து நான் அங்கே இருப்பேன், ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் வெடித்த படகு எது என்று காட்டுவார்கள். மருமகன் மார்கழியில் மறுபடி லீவில் வருகிறார், தைப்பொங்கல் முடிந்ததும் திரும்புவார். அவர் இங்கே இருக்கும் அந்த நாட்களில் தங்கள் படகைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், காசு வேண்டாம் என்கிறார். வாடை தொடங்கிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும் நேரம் அது, நம் படகுகளில் பல எப்படியும் கட்டிக்கிடக்கும்.

இப்படிக்கு,
படகுச் சொந்தக்காரர் ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.